பதம்

ஷெர்புரூக்கில் பிப்ரவரி. காலை ஆறே முக்கால்.
பின்பக்கமாக வந்து நிற்கிறது கலவை லாரி,
நின்றால் கல்லாகிவிடும் ஒன்றை
வயிற்றில் சுற்றிக்கொண்டே.

கிஸ்லான் கூம்பை நிரப்புகிறார். மூன்று அடுக்கு,
அடுக்குக்கு இருபத்தைந்து குத்து.
கூம்பைத் தூக்கியதும்
சாம்பல் குவியல் பெருமூச்சு விட்டுப்
பதினெட்டு சென்டிமீட்டர் உட்கார்ந்துவிடுகிறது.
"பாஸ்" என்கிறார் டிரைவர்.

எவ்வளவு உட்கார்ந்தது என்று கூம்பு சொல்லும்.
கம்பிகளுக்கு நடுவே எப்படி ஓடும் என்று கேட்டால்
வாய் திறக்காது.

அதற்குத்தான் ஓட்டமானி.
வாளிக்குள் இறங்கும் நான்கு தகடு, மத்து மாதிரி.
வெண்ணெய் வராது,
சுற்ற எவ்வளவு பலம் பிடித்தது என்று
எண் வரும்.

ஒரே கலவையை மூன்று ஆய்வகங்கள் கடைந்தோம்.
நாங்கள் நாற்பத்தொன்று என்றோம்.
மான்ட்ரியல், இருபத்தெட்டு.
ஹாலிஃபாக்ஸ் பதினேழு சொல்லிவிட்டு
மன்னிப்பும் கேட்டது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று
எந்த மகராசி சொன்னாளோ,
அவள் அரிசியில் கல் இருந்திருக்காது.

ஆகவே கணினிக்குள் ஒரு வாளி செய்தேன்.
நடுவே தகடு. ஜல்லிக்குப் பதில்
எட்டாயிரத்து நூறு உருண்டைகள்.
இடையில், சோளப்பாகு போல் ஒரு திரவம்.
சரிபார்க்க, பக்கத்து மேசையில் நிஜமாகவே
பாகும் கண்ணாடிக் குண்டுமாய் இன்னொரு வாளி.
(அதற்கு இரண்டே நாளில் எறும்பு வந்தது.
வெளியே மைனஸ் இருபது.)

பதினோரு நாள் ஓடியது கணக்கு.
பன்னிரண்டாம் நாள் படமாகப் பார்த்தேன்:
தகடு மூன்றாம் சுற்று முடிப்பதற்குள்
பெரிய உருண்டைகள் ஒவ்வொன்றாய் ஒதுங்குகின்றன,
பேருந்தில் குடிகாரன் ஏறியதும்
விலகி நிற்கிற சனம் மாதிரி.
தகட்டைச் சுற்றி வெறும் சாந்து.
வருடக்கணக்காய் நாங்கள்
கான்கிரீட் என்று தலைப்பிட்டுச்
சாந்தின் குணத்தை எழுதி அனுப்பியிருக்கிறோம்.

ஒதுங்கியது எவ்வளவு என்று தெரிந்தால்
ஈடுகட்டிவிடலாம். கட்டினேன்.
மான்ட்ரியலும் ஹாலிஃபாக்ஸும்
கிட்டக்கிட்ட வந்து உட்கார்ந்தன.
எங்கள் எண் மட்டும் வீறாப்பாய் எட்டவே நின்றது.

மூன்று வாரம் நிரலில் பிழை தேடினேன்.
அடர்த்தி, கால இடைவெளி, எங்காவது
தொலைந்துபோன ஒரு கழித்தல் குறி.
நிரல் சரி.
அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை திரையை விட்டுவிட்டுக்
கிஸ்லானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வாளியை நிரப்பினார். தகட்டை இறக்கினார்.
ரப்பர் சுத்தியலால் வாளியின் விலாவில்
டொக், டொக்.
பிறகு பொத்தானை அமுக்கினார்.

"அது எதற்கு?"
"எது?"
"தட்டினீர்களே."
"தட்டவில்லையே" என்றார்,
சுத்தியல் கையில்.

செய்முறைத் தாளில் தட்டல் கிடையாது.
பதினாறு வருடமாய் அவர் மணிக்கட்டில் இருக்கிறது.
அந்த இரண்டு தட்டில்
ஜல்லி ஒரு விரற்கடை இறங்கித்
தகட்டின் காலடியில் கூடிக்கொள்கிறது.

அன்றிரவு கணினி வாளியின் சுவரை
இருமுறை அதிரவைத்தேன்.
உருண்டைகள் இறங்கின.
வளைகோடு எங்கள் எண்ணின்மேல்
ஏறிப் படுத்துக்கொண்டது.

தட்ட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.
தலையாட்டினார்.
மறுநாள், டொக், டொக்.

இப்போது நிரலின் நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
கிஸ்லான் என்று ஒரு மாறி. மதிப்பு, இரண்டு.
மாறி என்றுதான் பெயர்.
அவர் விடுப்பில் போகும் ஜூலை தவிர
மாறுவதில்லை.

வாசலில் அடுத்த லாரி ஹாரன் அடிக்கிறது.